"விடாது கருப்புக்கு இரண்டாம் பாகம் எழுதியிருக்கிறேன், யாரிடம் கொடுப்பது?"

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். வயது 41. மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா மார்த்தாண்டத்தில் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தினவர். இப்போது 70 தாண்டி வீட்டோடு இருக்கிறார். சின்ன வயதில் டிவியில் 'மர்மதேசம்' தொடர் பார்த்து வளர்ந்தவன் நான். அதிலும் 'விடாது கருப்பு' என்ற கதை மறுபடி வராதா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் பேசிக்கொள்வோம். யாரும் எடுப்பதாகத் தெரியவில்லை என்பதால் நானே இரண்டாம் பாகம் எழுதிவிட்டேன், 12 எபிசோட். சுருக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒருவர், சேனலில் தனக்கு ஆள் தெரியும், கதையை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க 40,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொரு யோசனை, 2 லட்சம் போட்டு முதல் எபிசோடை நாங்களே எடுத்து யூடியூபில் போடுவது. நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டதிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. படங்களைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், தொடர்களை மட்டும் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்? அப்புறம், அப்பாவின் கேசட்டுகள் இரண்டு பெட்டி பரணில் கிடக்கின்றன. டிவியிலிருந்து பதிந்தவையும் அதில் உண்டு. அவை யாருக்காவது பயன்படுமா?

பதில்: தம்பி, முதலில் நகை வீட்டிலேயே இருக்கட்டும். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கதையை உள்ளே கொண்டுபோகக் காசு கேட்கிற ஆள் எந்த சேனலுக்கும் உள்ளே இருக்கிற ஆள் கிடையாது. இந்தத் தொழிலில் காசு போகிற திசை ஒன்றுதான்: தயாரிப்பாளரிடமிருந்து எழுதுகிறவனுக்கு. அதுவும் தாமதமாகப் போகும், பாதி போகும், சில சமயம் போகவே போகாது. இத்தனை வருடமாகத் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எழுதினவன் பையிலிருந்து எதிர்ப்பக்கமாகப் போவது என்ற ஒன்று இங்கே வழக்கத்தில் இல்லை. அவர் மறுபடி அழைத்தால், "கதை பிடித்திருந்தால் நீங்களே முன்பணம் தாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறம் போன் வராது.

தொடர்களை மட்டும் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்பது சரியில்லை. எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1999-இலிருந்து 2001 வரை ஓடிய 'சித்தி'க்கு 2020-இல் இரண்டாம் பாகம் வந்தது. ராதிகாவை நம்பித்தான் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2021-இல் அவர் விலகினார், தொடர் மற்றவர்களை வைத்து அந்த ஆண்டு நவம்பர் வரை போயிற்று. 2006-இல் விஜய் டிவியில் வந்த 'கனா காணும் காலங்கள்' 2022-இல் ஓடிடியில் புதுப் பிள்ளைகளோடு வந்தது. இது பொருந்தி வந்ததற்குக் காரணம் எளிமையானது: பள்ளிக்கூடம் என்றால் வருடா வருடம் பிள்ளைகள் மாறத்தான் செய்வார்கள், பழைய முகம் எங்கே என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை.

ஆனால் ஊரே பழைய ஞாபகத்தில் மூழ்கின ஒரு சமயத்தை நினைத்துப் பாருங்கள். 2020 பொதுமுடக்கம். மார்ச் 28-ஆம் தேதி தூர்தர்ஷன் பழைய 'ராமாயணம்' தொடரை மறுபடி போட ஆரம்பித்தது. 1987-88-இல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருவைக் காலியாக்கின அதே தொடர். ஏப்ரல் 16-ஆம் தேதி ஒரே நாளில் 7.7 கோடி பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷனே அறிவித்தது. நம் பக்கம் சன் டிவியில் 'மெட்டி ஒலி' மறுபடி வந்தது, அதில் வருகிற தனத்தின் கஷ்டத்துக்கு மறுபடி ஒரு ரவுண்டு அழுதார்கள். இதில் ஒன்றுகூடப் புதிதாக எடுத்தது இல்லை. அதே முகம், அதே பின்னணி இசை, அதே மங்கலான படம். மறுபடி எடுங்கள் என்று ஜனங்கள் கேட்கும்போது, எடுத்ததையே மறுபடி காட்டுங்கள் என்றுதான் பாதிப் பேர் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். உங்கள் வாட்ஸ்அப் குழுவையும் அந்தப் பாதியில்தான் சேர்ப்பேன்.

இனி உங்கள் கருப்புக்கு வருகிறேன். அந்தத் தொடர் முழுக்க ஒரு சந்தேகத்தின் மேல் நின்றது. நடக்கிற சாவுகளுக்குக் காரணம் கருப்பு சாமியா, மனுசனா? வாரம் ஒருமுறைதான் வரும், அடுத்த வாரம் வரை அந்தச் சந்தேகத்தை நாம் சுமந்துகொண்டு திரிய வேண்டும். உங்களுக்கு அப்போது 13, 14 வயது இருந்திருக்கும். கொல்லைப்புறம் போகப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்கிற வயது. கடைசியில் தொடர் தன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள் என்பதால் அந்த முடிச்சை இங்கே அவிழ்க்கவில்லை. இரண்டாம் பாகம் எழுதுகிறவருக்கு இனி இரண்டே வழி. சொன்ன பதில் தப்பு என்று புரட்டுவது, அது முதல் பாகத்தை விரும்பினவர்களுக்குச் செய்கிற துரோகம். இல்லையென்றால் புது முடிச்சு போடுவது. புது முடிச்சு போடத் தெரிந்தவருக்குப் பழைய பெயர் எதற்கு?

அந்தத் தொடரைச் செய்தவர்களே இதைப் புரிந்து வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என்று மர்மதேசம் என்ற ஒரே பெயரின் கீழ் ஒவ்வொரு முறையும் வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு கதை. சூடு ஆறுவதற்குள் 'மறுபடியும் கருப்பு' என்று ஒன்று எடுத்திருக்கலாம், செய்யவில்லை.

சேனல் பக்கத்து நியாயம் ஒன்றும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு நெடுந்தொடர் வாரத்துக்கு ஆறு நாள், பல சமயம் ஏழு நாளும் வருகிறது. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக 20, 22 நிமிடக் கதை. அந்த வேகத்தில் ஒரு மர்மக் கதையை ஓட்டினால் இரண்டு மாதத்தில் ஊரில் சந்தேகப்பட ஆள் மிச்சம் இருக்காது. குடும்பச் சண்டை அப்படி இல்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் இழுக்கும். ஓடிடியில் எட்டு எபிசோட் என்ற கணக்கு உங்கள் மாதிரிக் கதைக்குத் தோது. அவர்கள் முதலில் கேட்பது, உரிமைப் பத்திரம் எங்கே என்று.

உரிமை யாரிடம் என்று கேட்பீர்கள். கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது. இயக்கியவர் நாகா. தயாரித்தது கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள். ஒளிபரப்பியது சன் டிவி. பார்த்தவர்களுக்குச் சேனல் பெயர்தான் மனதில் நிற்கும், அதனால் எல்லோரும் சேனலுக்கே எழுதிப் போடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துத் தனியார் சேனல் தொடர்கள் பலவற்றில் தயாரிப்பாளரே சேனலுக்குக் கட்டணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்கி, விளம்பரம் பிடித்துப் போட்ட காசை எடுத்தார். அப்படிச் செய்த தொடரின் உரிமை தயாரிப்பாளரிடம் தங்கும். சேனலே பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன தொடர் என்றால் சேனலுக்குப் போகும். விடாது கருப்பு இன்று யூடியூபில் கிடைப்பதும் பாலசந்தரின் இன்னொரு நிறுவனமான கவிதாலயாவின் பக்கத்தில்தான். முதலில் கதவைத் தட்டுவதானால் அங்கே தட்ட வேண்டும்.

அதோடு முடியாது. எடுத்து முடித்த தொடரின் உரிமை வேறு, அதற்கு அடியில் இருக்கிற கதையின் உரிமை வேறு. கதாசிரியர் என்ன எழுதிக் கொடுத்தார், ஒரு முறைக்கா, எல்லாத் தழுவலுக்கும் சேர்த்தா என்பது ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். பல நல்ல மறுஆக்க முயற்சிகள் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. 1990-களில் இரண்டு பக்கத்தில் கையெழுத்துப் போட்ட தாளில் ஓடிடி என்ற வார்த்தை எப்படி இருக்கும்?

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. எழுத்தாளர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு அவர் எழுத்துக்குப் பாதுகாப்பு. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார். ஆக 2084 முடிகிற வரை யாரும் அனுமதி இல்லாமல் அதைத் தொட முடியாது. அப்போது உங்களுக்கு வயது 100, அவசரப்பட ஒன்றும் இல்லை. தலைப்புக்கு மட்டும் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது என்று யாராவது உங்களுக்குத் தைரியம் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் நீங்கள் எடுத்திருப்பது தலைப்பை மட்டும் இல்லையே. அந்த ஊர், அந்தக் குடும்பம், அந்த முன்கதை எல்லாமே உங்கள் சுருக்கத்தில் இருக்கின்றன. ரசிகர் எடுத்த படம், லாப நோக்கம் இல்லை என்று முன்னால் கார்டு போடுவதால் ஒன்றும் ஆகாது. யூடியூபில் உரிமையாளர் புகார் கொடுத்தால் வீடியோ போகும். 90 நாளுக்குள் மூன்று புகார் உறுதியானால் சேனலே போகும். 2 லட்சத்தை அதன் மேல் வைக்காதீர்கள்.

படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் வேறு எங்கும் இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறதே, 1993-இல் வந்த 'மணிச்சித்ரதாழ்' படத்தின் ஒரு பகுதியை அங்கேதான் எடுத்தார்கள், மீதியைத் திருப்பூணித்துறை ஹில் பேலஸில். அரண்மனை நிற்பது நம் மண்ணில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம், அந்த வழக்கை இன்னொரு நாள் பேசுவோம். அந்தக் கதை 2004-இல் கன்னடம் போனது, 2005-இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தது, 2007-இல் இந்திக்குப் போனது. போன இடமெல்லாம் ஓடியது. ஏன் என்றால் போன இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது புதுக்கதை. சென்னையில் 'ரா ரா' பாட்டுக்கு எழுந்த கைதட்டலில் பழைய ஞாபகம் ஒரு துளிகூடக் கிடையாது.

ஆனால் நம் ஆட்கள்? கேரள எல்லையை ஒட்டின களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் மலையாளப் படம் என்பது பக்கத்து வீட்டுச் சமாச்சாரம். சந்திரமுகி வருவதற்கு 12 வருடம் முன்பே மணிச்சித்ரதாழைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கே எக்கச்சக்கம். நானே அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தோடு போய்த்தான் சந்திரமுகி பார்த்தேன். ரஜினி வரும்போது விசிலடித்துவிட்டு, ஜோதிகா ஆட ஆரம்பித்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "சோபனா கண்ணு இப்படியா உருளும்? கட்டிலைத் தூக்கினது ஞாபகம் இருக்காலே?" என்று பின்வரிசையில் இரண்டு பேர் படம் முடிகிற வரை இரண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் குறை இல்லை. முன்பே பார்த்தவன் வேறு ஒரு கணக்கோடு வந்து உட்காருகிறான், அவ்வளவுதான்.

மொழி மாறிப் போகிற மறுஆக்கத்துக்கும், அதே ஜனத்திடமே காலம் கழித்துத் திரும்பி வருகிற மறுஆக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதில் அடங்கிவிட்டது. இரண்டாவது வகையில் ரசிகர் அத்தனை பேரும் களியக்காவிளைக்காரர்கள். 1980-இன் 'முரட்டுக்காளை' 2012-இல் மறுபடி வந்தது, 1981-இன் 'தில்லு முல்லு' 2013-இல் வந்தது. இரண்டிலும் பழைய படத்தின் வசனத்தைச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு, புதுப் படத்தின் வசனம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். 2007-இன் 'பில்லா' தப்பித்தது. 1980-இன் கதையை மட்டும் வைத்துக்கொண்டு நடை, உடை, ஊர், ஒளி எல்லாவற்றையும் மாற்றியதால் தப்பித்தது. என்னைக் கேட்டால், நன்றாக வந்ததைத் தொடவே கூடாது. நல்ல யோசனை, செய்த விதம் சொதப்பல் என்று ஏதாவது இருந்தால் அதைத் திரும்ப எடுக்கலாம். அதற்கு யாரும் காசு போட மாட்டார்கள் என்பதுதான் தொல்லை, ஓடாத படத்தின் பெயருக்கு மார்க்கெட் கிடையாது.

உங்கள் 12 எபிசோட் சுருக்கத்தை முழுதும் படித்தேன். மூன்றாவது எபிசோடை இரண்டு முறை படித்தேன்.

விடியற்காலை 3 மணி, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களைக் கீழே தொழிலாளர் லைன் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பையன் எண்ணுகிறான். போனது பத்துப் பேர். சரிவில் பதினொரு விளக்கு. இதுவே போதும் என்று யாரும் விட்டிருப்பார்கள், நீங்கள் ஒரு படி மேலே போயிருக்கிறீர்கள். வெட்டுகிறவர்களின் விளக்கு ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்கும், பால் பிடிக்கிற சிரட்டையைத் துடைத்து வைக்கும் நேரம் வரை அசையாது, அப்புறம் அடுத்த மரம். பதினோராவது விளக்கு மட்டும் எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. பையன் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறான். சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பத்துப் பேர் மண்டையை உடைத்தாலும் இது வராது. தோட்டத்தை விடியற்காலையில் பார்த்தவனுக்குத்தான் வரும்.

ஐந்தாவது எபிசோடில் அதே தோட்டத்துக்குள் கருப்பு குதிரையில் பாய்ந்து வருகிறார். தம்பி, அந்தச் சரிவில், தட்டுத் தட்டாக வெட்டின மண்ணில், இரண்டு மரத்துக்கு நடுவில் குதிரை எப்படி ஓடும்? உங்களுக்கே தெரியும் ஓடாது என்று. பழைய தொடரில் குதிரை வந்தது, அதனால் இங்கேயும் வந்திருக்கிறது. மதுரைப் பக்கத்துக் காவல் சாமியைக் கோதையாற்றுத் தண்ணீர் தாண்டிக் கூட்டி வந்ததில் இருந்து கதை நொண்ட ஆரம்பிக்கிறது. ஆறு முதல் ஒன்பது வரை முக்கால்வாசி, முதல் பாகத்தில் நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் பாகம் எழுதுகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி அது.

நமக்குச் சாமிக்கும் பேய்க்கும் பஞ்சமா என்ன? முப்பந்தல் இசக்கி இருக்கிறாள், ஊருக்கு ஒரு மாடன் இருக்கிறார், நீலி கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுகிறார்கள். இவை யாருடைய பதிப்புரிமையிலும் இல்லை. இந்தப் பெயர்களையும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பதினோராவது விளக்குக்குப் பெயரே வேண்டாம், பெயர் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. கருப்பு, குதிரை, பழைய ஊர், பழைய குடும்பம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து மூன்றாவது எபிசோடும், பத்தாவதில் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே பையன் ஒளிகிற இடமும் நிற்கும்.

அதை உடனே எடுக்கவும் வேண்டாம். ராத்திரி, சரிவு, தோட்டம் என்றால் ஜெனரேட்டர், லைட், ஆட்களின் சாப்பாடு என்று உங்கள் 2 லட்சம் இரண்டு ராத்திரிக்குத் தாங்காது. முதலில் கதையாக இருக்கட்டும். எழுதி முடித்தால் உங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம், மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியாகவே ஆகும், எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பதியாவிட்டாலும் எழுதின நிமிடத்திலிருந்து உரிமை உங்களுடையதுதான். ஆனால் நாளைக்கு ஒரு தகராறு வந்தால் கையில் ஒரு தாள் இருப்பது நல்லது.

இப்போது பரணுக்கு வருவோம். நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், எனக்குக் கடிதத்திலேயே அதுதான் பெரிய விஷயம்.

பழைய தொடர்கள் ஏன் பளிச்சென்று திரும்பி வருவதில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சினிமா பிலிமில் எடுத்தது. நெகட்டிவ் நன்றாக இருந்தால் புதிதாக ஸ்கேன் செய்து, அன்றைக்குத் திரையில் பார்த்ததைவிடத் தெளிவாகக்கூடக் கொண்டுவரலாம். 1964-இன் 'கர்ணன்' 2012-இல் சரிசெய்யப்பட்டு வந்து சென்னையில் 100 நாளைத் தாண்டியது அப்படித்தான். 1990-களின் நம் தொடர்கள் பெரும்பாலும் வீடியோ டேப்பில் எடுத்தவை. படத்தில் மேலிருந்து கீழாக 576 கோடு, அவ்வளவுதான் அதில் இருப்பு. எந்த மென்பொருளும் இல்லாததைக் கொண்டுவராது, வேண்டுமானால் விடாது கருப்பில் நடித்த தேவதர்ஷினி முகத்தில் மெழுகு பூசிவிடும். அதற்கும் முந்தின தூர்தர்ஷன் காலம் இன்னும் மோசம். டேப் விலை அதிகம் என்பதால் ஒளிபரப்பு முடிந்ததும் அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவது உலகம் முழுக்க நடந்தது, இங்கேயும் நடந்தது. இருந்தால்தானே மறுபடி போட?

ஆகவே வீடுகளில் பதிந்த கேசட்டுகளுக்கு மதிப்பு உண்டு. நம் மாவட்டத்து வீடுகளில் இன்னும் விசேஷம். சென்னை எட்டாத நாளில் ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பினால் 1985-இலிருந்து மலையாள நிகழ்ச்சி, கடலைப் பார்த்துத் திருப்பினால் இலங்கை ரூபவாஹினி. பூஸ்டரோடு மொட்டைமாடியில் ஒருவன் கம்பியைத் திருக, கீழே இருந்து "வந்துட்டு, வந்துட்டு... போச்சு" என்று கத்திக்கொண்டு நாம் பார்த்தது என்னவெல்லாம் என்பதற்கு இந்த மாதிரிப் பெட்டிகள்தான் சாட்சி. சினிமா கேசட்டுகளை ஒதுக்கிவிடுங்கள், அவை எங்கேயும் கிடைக்கும். கையால் பெயர் எழுதின கேசட்டுகளைத் தனியே எடுங்கள். தயாரிப்பாளரிடம் இருக்கிற டேப்பில் வெறும் எபிசோட் இருக்கும். அப்பா பதிந்ததில் நடுவே வந்த விளம்பரம், அறிவிப்பாளர், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" எல்லாம் இருக்கும். அது வேறு எங்கேயும் இல்லை.

எடுத்ததும் டெக்கில், அதாவது வி.சி.ஆரில், போட்டுவிடாதீர்கள். குலசேகரத்து மழைக்குப் பரணில் இருந்த கேசட் என்றால் பூஞ்சைக்கு வாய்ப்பு அதிகம். கேசட்டின் கண்ணாடி வழியே டார்ச் அடித்து, சுற்றியிருக்கிற டேப்பின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ நூல் மாதிரிக் கீறலோ தெரிந்தால் அது தனிப் பெட்டி. ஒரு பூஞ்சைக் கேசட் ஓடினால் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி, அடுத்து ஓடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். பின்னால் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைபடாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறிப்போய்க்கூட மேலே பதிவாகாது. உங்கள் தொழில் இங்கே கைகொடுக்கும். கேசட்டின் ஓடு உடைந்திருந்தால் ஐந்து ஸ்க்ரூதான், கழற்றி நல்ல ஓட்டுக்கு மாற்றிவிடலாம். போர்டு துடைக்கிற ஆல்கஹால் ஹெட் சுத்தம் செய்யவும் ஆகும், ஆனால் பஞ்சு வேண்டாம், நூல் சிக்கும். நூல் பிரியாத மெல்லிய துணியை ஹெட்டின் மேல் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, ஹெட் இருக்கிற டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் பெயர்ந்துவிடும், அப்புறம் கிடைப்பது கஷ்டம். கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமே 2016-இல் நிறுத்திவிட்டது. டேப்பின் மேல் எந்தத் திரவமும் படக் கூடாது.

நல்ல கேசட்டைப் படம் போடாமல் ஒருமுறை கடைசி வரை வேகமாகச் சுற்றி, திரும்பப் பின்னால் சுற்றி, அப்புறம் கணினியில் ஏற்றுங்கள். முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாக இருக்கலாம் என்று நினைத்து, ஆரம்பத்திலிருந்தே பதிவைப் போட்டுவிடுங்கள். சுருக்காமல் பெரிய கோப்பாக வையுங்கள், இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று வேறு யாராவது வீட்டில். சொந்த உபயோகத்துக்கு இப்படிப் பிரதி எடுத்து வைப்பதில் தப்பில்லை. யூடியூபில் ஏற்றாதீர்கள். தொடர் எபிசோட் ஏதாவது கிடைத்தால், என்ன தொடர், எந்த வருடம், எத்தனை நிமிடம் என்று தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். தங்கள் தொடரின் எல்லா எபிசோடும் தங்களிடமே இல்லாத நிறுவனங்கள் உண்டு. உங்கள் கதையையும் சேர்த்து வைத்து அனுப்பாதீர்கள், இரண்டும் கெட்டுவிடும்.

அப்பாவைக் கூடவே உட்கார வையுங்கள். கேசட் கடைக்காரர்கள் லேபிளில் எழுதுகிற எண்ணும் எழுத்தும் அவர்களுக்கு மட்டும்தான் புரியும். எது எந்த வருடம், யார் வீட்டு டிவியில் பதிந்தது, ஏன் பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் உண்டு. அவர் சொல்வதைப் போனில் பதிந்துகொண்டே வேலையைப் பாருங்கள். செலவு என்று பார்த்தால் ஓடுகிற டெக் ஒன்று, கணினியில் ஏற்ற ஒரு சின்னக் கருவி, ஹார்டு டிஸ்க். நகையைத் தொட வேண்டியிருக்காது. வீட்டில் பேச்சு ஆரம்பிக்க இந்தத் தகவலை முதலில் சொல்லுங்கள்.

மூன்றாவது எபிசோடை மட்டும் தனிக் கதையாக, 15 பக்கத்துக்கு மிகாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள். காசு எதுவும் வேண்டாம். டைப் செய்து அனுப்புங்கள், நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் கண்ணாடிக்குத் தாங்காது.